பயிற்சி கொடுத்தால் வேலை வந்துவிடுமா?

கேள்வி: எம்.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ‘ஐரோப்பாவின் அண்டை நாடுகளில் தொழிற்பயிற்சியும் தொழிலாளர் சீர்திருத்தமும்’ என்ற தலைப்பில் துறைக் கருத்தரங்கில் பேச வேண்டும். கையில் கிடைத்த அறிக்கைகள் எல்லாம் ‘இளைஞர்களிடம் திறன் போதவில்லை, பயிற்சி கொடுத்தால் வேலையின்மை குறையும்’ என்றே முடிகின்றன. நானும் அதையே சொல்லிவிட்டு இறங்கிவிடலாமா? எந்த நாட்டை எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்?
– வாசகி, திருச்சி

பதில்: தாராளமாகச் சொல்லலாம், மதிப்பெண்ணும் வந்துவிடும். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாராவது மொராக்கோவின் கணக்கை எடுத்துப்போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். அந்த நாட்டுப் புள்ளிவிவரத் துறையின் 2024 கணக்குப்படி, எந்தச் சான்றிதழும் இல்லாதவர்களில் வேலையில்லாதோர் சுமார் 5 சதவீதம்தான். சான்றிதழோ பட்டமோ வைத்திருப்பவர்களில் கிட்டத்தட்ட 20 சதவீதம். படிக்காதவருக்கு நல்ல வேலை கிடைத்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. அவரால் வீட்டில் சும்மா இருக்க முடியாது. வயலோ சந்தையோ கட்டடமோ, அகப்பட்டதைச் செய்கிறார். படித்தவர் காத்திருக்கிறார். தலைநகர் ரபாத்தில் நாடாளுமன்றத்துக்கு எதிரே உட்கார்ந்து போராடுவதற்கென்றே வேலையில்லாப் பட்டதாரிகள் 1991-லிருந்து சங்கம் வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் போய் ‘உங்களுக்குத் திறன் போதவில்லை’ என்று சொல்லிப் பாருங்கள்!

அதனால் மொராக்கோவையே எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி பலித்த இடமும் பலிக்காத இடமும் அங்கே அருகருகே இருக்கின்றன.

பலித்த இடம் வடக்கே கடலோர நகரமான தான்ஜியர். 2007-ல் அங்கே தான்ஜியர்-மெட் துறைமுகம் திறந்தது. கடலைத் தாண்டினால் ஸ்பெயின். 2012-ல் பிரான்ஸின் ரெனோ நிறுவனத்தின் பெரிய கார் தொழிற்சாலை வந்தது. அதை ஒட்டியே ஒரு பயிற்சி நிலையம். கட்டியது மொராக்கோ அரசு, நடத்துவது ரெனோ. உள்ளே நுழைகிற பையன் எந்த லைனில் நிற்கப்போகிறான், அவன் கைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது நிலையத்தை நடத்துகிறவர்களுக்கு முன்கூட்டியே தெரியும், ஏனென்றால் வேலைக்கு எடுக்கப்போகிறவர்களும் அவர்களேதான். இங்கே பயிற்சி வேலையை உருவாக்கவில்லை. துறைமுகமும் தொழிற்சாலையும் உருவாக்கிய வேலைக்குப் பயிற்சி ஆள் தந்தது. உங்கள் பேச்சுக்கு முதுகெலும்பாக இந்த வித்தியாசம் ஒன்றே போதும்.

பலிக்காத இடத்தைத் தேட வேண்டியதே இல்லை. அதே 2024-ல் 15 முதல் 24 வயது வரையுள்ளவர்களில் வேலையில் இருப்பவர்களையும் வேலை தேடுகிறவர்களையும் சேர்த்து எடுத்தால், மூன்றில் ஒருவருக்கு மேல் வேலையில்லை. அரசுத் தொழிற்பயிற்சி அலுவலகம் 1974-லிருந்து இயங்குகிறது. நாடு முழுக்க நிலையங்கள், ஆண்டுதோறும் சான்றிதழ்கள். பல ஊர்களில் அந்தச் சான்றிதழுக்கு மறுமுனையில் எடுத்துக்கொள்ள ஆள்தான் இல்லை.

துனிசியாவை ஒரு பத்தியில் முடித்துவிடுங்கள். 2010 டிசம்பர் 17 அன்று சிதி பூசித் என்ற ஊரில் தீக்குளித்து, ஆட்சியையே கவிழ்த்த போராட்டத்துக்குப் பொறியான முகமது பூஅசீசியைப் பட்டதாரி என்று பலர் எழுதினார்கள். அவர் பள்ளிப் படிப்பையே முடிக்காத பழ வியாபாரி. அந்தப் பிழையை நீங்களும் செய்யாதீர்கள். ஆனால் அவருக்குப் பின்னால் தெருவுக்கு வந்த கூட்டத்தில் பட்டதாரிகள் நிறையப் பேர் இருந்தார்கள். புதிய பட்டதாரியைப் பயிற்சியாளராக எடுத்தால் உதவித்தொகையை அரசு தரும் என்று அங்கே ஒரு திட்டம் பல ஆண்டுகள் ஓடியது. காலம் முடிந்ததும் அவரை அனுப்பிவிட்டு அடுத்த பயிற்சியாளரை எடுத்துக்கொண்ட நிறுவனங்கள் உண்டு. மலிவாக ஆள் கிடைக்கும்போது நிரந்தரம் செய்ய யாருக்கு மனசு வரும்?

தலைப்பில் ‘தொழிலாளர் சீர்திருத்தம்’ என்றும் இருக்கிறதே, அதை விட்டுவிடாதீர்கள். சீர்திருத்தம் என்றாலே நல்லது என்று நினைப்பவர்களுக்கு ஜார்ஜியாவைச் சொல்ல வேண்டும். 2006-ல் அந்த நாடு புதிய தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது. ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து, காரணம் சொல்லாமலே ஆளை வீட்டுக்கு அனுப்பலாம். வேலையிடங்களுக்குப் போய்ச் சட்டமும் பாதுகாப்பும் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்க்கும் தொழிலாளர் ஆய்வுத் துறையையே மூடிவிட்டார்கள். தொழில் தொடங்க எளிதான நாடுகளின் பட்டியலை உலக வங்கி அப்போது வெளியிட்டுவந்தது, அதில் ஜார்ஜியா மளமளவென்று மேலே ஏறியது. (அந்தப் பட்டியலையே, தரவுகளில் முறைகேடு என்ற புகாருக்குப் பிறகு 2021-ல் உலக வங்கி கைவிட்டது தனிக்கதை.) ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2014-ல் போட்ட ஒப்பந்தத்துக்குத் தயாரானபோதுதான் சட்டத்தைத் திருத்த வேண்டிய கட்டாயம் வந்தது. 2015-ல் ஆய்வுத் துறை திரும்ப வந்தது, ஆனால் முதலாளி சம்மதித்தால்தான் ஆய்வாளர் உள்ளே போகலாம்! 2018 ஏப்ரலில் திகிபூலி நிலக்கரிச் சுரங்கத்தில் 6 பேர் இறந்தார்கள். ஜூலையில் அதே ஊரில் இன்னும் 4 பேர். முழு அதிகாரம் கொண்ட தொழிலாளர் ஆய்வகம் 2021 ஜனவரியில்தான் வந்தது. தன் பிள்ளையை ஃபிட்டர் வேலைக்கோ சுரங்க வேலைக்கோ படிக்க வைக்க அந்த ஊர்த் தாய் ஏன் தயங்கினாள் என்பதை எந்தத் திறன் அறிக்கையிலும் தேட வேண்டாம்.

துருக்கியையும் தொட்டுக்காட்டலாம். அங்குள்ள தொழிற்கல்வி மையங்களில் சேரும் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் பள்ளி, நான்கு நாள் பட்டறை. 2021 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு, தொடக்க ஆண்டுகளில் குறைந்தபட்ச ஊதியத்தில் 30 சதவீதம், கடைசி ஆண்டில் 50 சதவீதம் தருகிறார்கள். அந்தப் பணமும் அரசுடையது, பட்டறைக்காரருக்குச் செலவில்லை. சேர்க்கை எகிறியது. பதின்ம வயதுப் பிள்ளைகள் இயந்திரத்தில் சிக்கி இறந்த செய்திகளும் வந்தன. அப்ரண்டிஸ் என்ற பெயரில் குழந்தை உழைப்பா என்று அங்கே ஆசிரியர் சங்கங்கள் கேட்கின்றன. எனக்கும் அதே சந்தேகம்தான்.

இத்தாலியின் டுரின் நகரில் இருக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைப்பான ஐரோப்பியப் பயிற்சி அறக்கட்டளை 2010-லிருந்து இந்த நாடுகளின் தொழிற்கல்வியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அலசி வெளியிடுகிறது. அந்த அறிக்கைகளில் பரிந்துரைப் பக்கங்களைவிட நாட்டு நிலவரப் பக்கங்களை நிதானமாகப் படியுங்கள். நீங்கள் தேடும் கோணம் அங்கேதான் கிடக்கிறது.

ஐரோப்பா இதில் வெறும் கொடையாளி அல்ல என்பதையும் சொல்லிவிடுங்கள். செர்பியா 2017-ல் பள்ளியும் தொழிற்சாலையும் சேர்ந்து கற்பிக்கும் இரட்டை முறைக்குச் சட்டம் போட்டது. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தும் துணை நின்றன. அதே ஜெர்மனி 2016 முதல், செர்பியா உட்பட ஆறு மேற்கு பால்கன் நாட்டவர் கையில் வேலை உறுதி இருந்தால் தகுதிச் சான்றிதழ் இல்லாமலே வரலாம் என்று கதவைத் திறந்துவைத்தது. 2024-ல் ஆண்டு உச்சவரம்பை 50,000 ஆக உயர்த்தியது. சொந்த நாட்டிலேயே பயிற்சி பெற்று இருக்கச் சொல்வதும் அவர்கள், சான்றிதழ் இல்லாவிட்டாலும் வா என்பதும் அவர்கள்.

முடிந்ததும் யாராவது ‘பெண்கள்?’ என்று கேட்பார்கள். தயாராக இருங்கள். மொராக்கோவில் பெண்களில் வேலைச் சந்தைக்கு வருபவர் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. ஆனால் தான்ஜியர், கெனித்ரா வட்டாரத்துக் காருக்கான வயரிங் ஹார்னஸ் (மின்கம்பிக் கட்டு) ஆலைகளுக்குள் போனால் வரிசை வரிசையாக நிற்பவர்களில் பெண்களே அதிகம். பலகையில் வரைந்த பாதையில் வயரை இழுத்துக் கட்டும் அந்த வேலையை ஆலைகளே சொல்லித்தருகின்றன.