ஓத்தனியா, ஓடானியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரக் கட்டுரையில் பேஸ்பால் வீரரின் பெயரை ‘ஷோஹே ஓத்தனி’ என்று எழுதியிருந்தீர்கள். அச்சுப்பிழை என்று நினைத்தேன், ஆனால் எல்லா இடத்திலும் அப்படியே இருக்கிறது. அவர் சட்டையின் முதுகில் ‘ஓ’வுக்கு அடுத்து ஒரு ‘எச்’ இருக்கிறது. அமெரிக்க வர்ணனையாளர்கள் ‘ஓடானி’ என்கிறார்கள். அதே கட்டுரையில் எழுத்தாளர் முரகாமியை மட்டும் முரகாமி என்றே விட்டுவிட்டீர்கள். இது என்ன கணக்கு?

ஒரு வாசகர், திருச்சி

*

அன்புள்ள நண்பருக்கு,

பிழை இல்லை, தெரிந்தேதான் எழுதினேன். ஜப்பானிய எழுத்தில் அவருடைய குடும்பப் பெயர் ஒ, ஒ, த, நி என்று நான்கு மாத்திரை. முதல் இரண்டும் சேர்ந்து ஓகாரம் ஆகிவிடும். ‘த’வும் ‘நி’யும் குறில்தான். நம் குறில் நெடில் கணக்கு அப்படியே பொருந்துகிற மொழி அது.

ஆங்கில எழுத்தில் குறிலையும் நெடிலையும் பிரித்துக் காட்ட வழியில்லை. சட்டையில் நீங்கள் பார்த்த ‘எச்’ அதற்குச் செய்த ஒட்டுவேலை. அதை உச்சரிக்கக் கூடாது, முந்தைய எழுத்தை நீட்ட வேண்டும், அவ்வளவுதான். டொயோட்டா உற்பத்தி முறையை உருவாக்கிய தாய்இச்சி ஓனோவின் பெயரிலும் இந்த ‘எச்’ உண்டு. பாடகி யோகோ ஓனோவின் பெயரில் கிடையாது, ஏனென்றால் அவருடையது ‘ஒனொ’, குறில். ஒருவர் ‘பெரிய வயல்’, இன்னொருவர் ‘சின்ன வயல்’. ஜப்பானிய பாஸ்போர்ட்டில் நெடிலைக் காட்ட எழுத்தின் மேல் கோடு போடுவதில்லை. ‘எச்’ வேண்டும் என்று விண்ணப்பித்துக் கேட்காவிட்டால் இரண்டு வயலும் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து நிற்கும்.

அப்புறம் அழுத்தம். ஆங்கிலக்காரருக்கு ஒரு சொல்லில் ஓர் அசையையாவது அழுத்தாமல் வாய் வராது. இந்த மாதிரிப் பெயர்களில் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையைப் பிடித்து அழுத்துவார், அழுத்தும்போது அது நீண்டுவிடும். அப்படித்தான் ‘த’ ‘டா’ ஆனது. ஜப்பானியத்தில் அந்த மாதிரி அழுத்தம் இல்லை. சுருதி ஏறி இறங்கும், அளவு மாறாது. முரகமி, நகசகி, ஹிரொஷிம, குரொசவ எல்லாமே முழுக்கக் குறில். நாம் முரகாமி, நாகசாகி, ஹிரோஷிமா, குரோசவா என்கிறோமே, அந்த நெடிலில் பெரும்பாலானவை ஆங்கிலம் வழியாக வந்தவை. குறிலும் நெடிலும் கையில் இருந்தும் அவை இல்லாத மொழியைப் பார்த்துக் காப்பி அடித்திருக்கிறோம்.

‘ட’வும் அப்படித்தான். ஜப்பானிய ‘த’ கிட்டத்தட்ட நம்முடைய ‘த’ மாதிரி, நாக்கு பல்லைத் தொடும். ஆங்கிலத்து ‘டி’ மேலே தள்ளி நிற்பதால் நம் காதுக்கு அது ‘ட’ என்று கேட்கிறது. ஹோண்டாவை அவர்கள் ஊரில் சொல்வது ‘ஹொந்த’ என்பதற்கு நெருக்கம். தமிழில் அதைவிடச் சரியாக எழுதவே முடியாது, ஆனால் எந்த ஷோரூமில் போய்ச் சொல்வது!

நம் எழுத்துக்கும் தடங்கல் உண்டு. ‘ஓதனி’ என்று எழுதினால் ‘த’ மெலிந்து ஓதுவார் நினைவுக்கு வருவார், அதனால் ‘த்’ போட்டேன். ஜப்பானியத்தில் ஒற்றை மெய்யும் இரட்டை மெய்யும் வேறு வேறு சொல் என்பதால் இதுவும் சமரசம்தான். ‘ஒனொ’ மாதிரி ஒகரத்தில் முடிகிற சொல்லைத் தொல்காப்பியர் காலத்திலிருந்தே தமிழ் பொதுவாகச் சேர்த்துக்கொள்வதில்லை.

ஜப்பானியத்தை ஆங்கில எழுத்தில் எழுதும் இந்த முறைக்குத் தன் பெயரைக் கொடுத்தவர் ஹெப்பர்ன் என்ற அமெரிக்க மருத்துவ மிஷனரி. 1867இல் ஜப்பானிய-ஆங்கில அகராதி வெளியிட்டவர். அவர் பெயரை ஜப்பானியர் காதால் கேட்டபடி ‘ஹெபொன்’ என்று எழுதிவைத்தார்கள். பின்னாளில் அதே பெயருடைய ஹாலிவுட் நடிகை ஆட்ரி வந்தபோது ‘ஹெப்புபான்’ என்று எழுதினார்கள். ஒரே பெயர், இரண்டு வேஷம். நாம் மட்டும்தான் இப்படி என்று வருந்த வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று: வரிசை. ஜப்பானில் குடும்பப் பெயர்தான் முதலில். ஆங்கிலத்தில் எழுதும்போது திருப்பிப் போடுவது மெய்ஜி காலத்தில் (1868–1912) தொற்றிக்கொண்ட வழக்கம். சீன அதிபர் ஷி ஜின்பிங், அப்போதைய தென்கொரிய அதிபர் மூன் ஜே-இன் பெயர்களைத் திருப்பாத ஊடகங்கள் ஜப்பானியப் பிரதமராக இருந்த அபே ஷின்சோவை மட்டும் ஏன் திருப்ப வேண்டும் என்று 2019இல் ஜப்பானின் அப்போதைய வெளியுறவு அமைச்சர் கோனோ தாரோ கேட்டார். 2020 ஜனவரி 1 முதல் ஜப்பானிய அரசின் ஆங்கில ஆவணங்களில் குடும்பப் பெயர் முன்னே வருகிறது. ஆங்கிலப் பத்திரிகைகள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. நானும் ஷோஹே ஓத்தனி என்றுதான் எழுதினேன், ஏனென்றால் அவர் ஆடுவது அமெரிக்காவில், உலகம் அவரை அறிந்ததும் அந்த வரிசையில்.

முரகாமிக்கு வருகிறேன். அந்தப் பெயர் தமிழில் புத்தக அட்டைகளில் ஏறிவிட்டது. நான் ‘முரக்கமி’ என்று எழுதினால் கடையில் கேட்கிறவர் வெறுங்கையோடு திரும்புவார். ஊன்றிப்போன பெயரை அசைப்பதில்லை. ஓத்தனி இன்னும் ஊன்றவில்லை.