பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே சிஎம்எஸ்: டொமைனை எப்படிப் பிரிப்பது?

வணக்கம். எல்லா வாடிக்கையாளர் தளங்களும் ஒரே சிஎம்எஸ்ஸில் (தளத்தின் உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் மென்பொருள்) ஓட வேண்டும், சிலர் சொந்த டொமைன் கேட்கிறார்கள், அட்மின் பக்கத்தை எங்கே வைப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

அட்மினுக்குத் தனி டொமைனே வாங்கிவிடுங்கள். ஒரு சப்டொமைனில் ('வாடிக்கையாளர்.உங்கள்டொமைன்' போன்ற உட்பெயர்) ஓடும் ஸ்கிரிப்ட், தாய் டொமைன் முழுவதற்கும் குக்கி (லாகின் போன்றவற்றை நினைவில் வைக்க பிரவுசர் சேமிக்கும் சிறு தகவல்) எழுத முடியும்; அட்மினும் அதே டொமைனில் இருந்தால் அந்தக் குக்கி அங்கேயும் போகும். வாடிக்கையாளர்கள் தங்கள் பக்கத்தில் சொந்த ஸ்கிரிப்ட் சேர்க்கலாம் என்றால் இது நிஜமான ஆபத்து. இந்த ஒன்றில் மட்டும் சமரசமே வேண்டாம்.

அப்புறம், 'கடை.வாடிக்கையாளர்.உங்கள்டொமைன்' என்று இரண்டு அடுக்காகப் போகாதீர்கள். வைல்டுகார்டு சான்றிதழ் (எல்லா சப்டொமைன்களுக்கும் சேர்த்து வாங்கும் ஒரே எச்டிடிபிஎஸ் சான்றிதழ்) ஓர் அடுக்குக்குத்தான் செல்லும். 'வாடிக்கையாளர்-கடை' என்று ஒரே அடுக்கில் வையுங்கள். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டில் வைல்டுகார்டு வாங்க டிஎன்எஸ் (டொமைன் பெயர் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் பதிவேடு) வழிச் சரிபார்ப்பு கட்டாயம்; ஆகவே பதிவுகளை நிரல் மூலம் தானாக மாற்ற ஏபிஐ உள்ள டிஎன்எஸ் சேவை நல்லது.

சொந்த டொமைன் கேட்பவர்களுக்கு, டபிள்யூடபிள்யூடபிள்யூ பெயரை சிநேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குச் சுட்டும் டிஎன்எஸ் பதிவு) மூலம் உங்கள் பக்கம் திருப்பினால் போதும். டபிள்யூடபிள்யூடபிள்யூ இல்லாத வெறும் டொமைனுக்கு சிநேம் வைக்க முடியாது, ஏ ரெக்கார்டு (பெயரை நேரடியாக சர்வரின் ஐபி முகவரிக்குச் சுட்டும் பதிவு) வேண்டும். அதனால் உங்கள் ஐபி மாறாமல் இருக்கணும்.

டேட்டாபேஸில் டொமைன் பெயரையே வாடிக்கையாளரின் அடையாளமாக்காதீர்கள். தனி எண் கொடுத்து, ஹோஸ்ட் பெயர்களுக்கு வேறொரு டேபிள் வையுங்கள். ஒன்று முதன்மைப் பெயர், மற்றவை 301 (நிரந்தரத் திருப்புதல்) மூலம் அதற்குப் போகட்டும்.