செயின்ட் ஜான் கடலில் சிறு படகுப் பயணம்: கேளுங்கள், சொல்கிறேன்

கரீபியன் கடலில் இருக்கும் அமெரிக்க வெர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் தாமஸில் ஒன்பது வருடம் ஒரு கடைக்குக் கணக்கு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நண்பரின் படகில் இருப்பேன். கயிறு கட்டுவது, ஐஸ் பெட்டி நிரப்புவது, தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிறவர்களின் கையைப் பிடித்துக்கொள்வது, இதுதான் என் வேலை. ஆறு பேர் மட்டும் ஏறும் படகு. செயின்ட் தாமஸிலிருந்து கிளம்பி, பக்கத்துத் தீவான செயின்ட் ஜானின் வளைகுடாக்களில் நீந்த விட்டு, சாயங்காலம் திரும்புவோம். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

கேள்வி (நியூ ஜெர்சி): அண்ணா, அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். 61 வயது. நீச்சல் சுத்தமாகத் தெரியாது. கூட்டிப் போனால் படகிலேயே உட்கார வைத்துவிட வேண்டியதுதானா?

உட்கார வைக்காதீர்கள் தம்பி. ஸ்நார்க்கலிங் என்பது மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் போட்டு, தண்ணீரின் மேல் குப்புற மிதந்தபடி கீழே பார்ப்பது. நீச்சல் தெரியாதவர்களும் அதைச் செய்யலாம். மிதந்தால் போதும், அதை லைஃப் ஜாக்கெட் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு நிபந்தனை. முதல் தடவை படகிலிருந்து ஆழத்தில் இறக்கவே கூடாது. மணல் கரை உள்ள இடத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி தொடங்க வேண்டும். மாஸ்க்கைப் போட்டு, குழாயை வாயில் வைத்து, நின்றுகொண்டே முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்துப் பத்து மூச்சு. அவ்வளவுதான் முதல் பாடம். வாயால் மூச்சு விடும் பழக்கம் வந்த பிறகு, நீங்கள் இரண்டு கையையும் பிடித்துக்கொள்ள, அவர் காலைத் தரையிலிருந்து எடுக்கட்டும்.

இந்த இடத்தில்தான் சிறு படகின் அருமை தெரியும். ஒரு முறை விருந்தினர்களோடு நாற்பது பேர் ஏறிய பெரிய படகில் போயிருந்தேன். ஏணியில் வரிசை, இறங்கியதும் பின்னால் இருப்பவரின் கால் முகத்தில். பயந்த ஓர் அம்மாள் இரண்டே நிமிடத்தில் ஏறிவிட்டார், அப்புறம் இறங்கவே இல்லை. அவருக்காகக் காத்திருக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. ஆறு பேர் மட்டும் ஏறும் படகென்றால் அப்படிப்பட்டவருக்காக அரை மணி நேரம்கூடக் காத்திருப்பார்கள்.

அம்மாவுக்கு இதய நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால், கிளம்பும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். குழாய் வழியாக மூச்சு விடுவது கொஞ்சம் உழைப்புதான். முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் வாங்கித் தராதீர்கள். பதற்றத்தில் சட்டென்று கழற்ற வராது. கண்ணையும் மூக்கையும் மட்டும் மூடும் பழைய வகையே நல்லது.

கேள்வி (டல்லாஸ்): ஆறு பேர் என்பது படகுக்காரர்கள் விளம்பரத்துக்குச் சொல்லும் எண்ணா? எட்டுப் பேர் இருக்கிறோம், கொஞ்சம் நெருக்கி உட்கார முடியாதா?

முடியாது சார். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதி அது. அவர்கள் சோதித்துச் சான்றிதழ் தராத சிறு படகில் கட்டணம் கொடுத்து வருகிறவர்கள் பொதுவாக ஆறு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அந்தப் படகை ஓட்டுகிறவரின் உரிமத்தையே அங்கே ‘சிக்ஸ் பேக்’ என்றுதான் சொல்வார்கள். எட்டுப் பேர் என்றால் இரண்டு படகு எடுங்கள், இல்லையென்றால் சோதனைச் சான்றிதழ் உள்ள பெரிய படகுக்குப் போங்கள். ‘பரவாயில்லை, ஏறுங்கள்’ என்று ஒருவர் சொன்னால் அந்தப் படகில் ஏறாதீர்கள். விதியில் இதை விடுகிறவர் மற்றவற்றையும் விட்டிருப்பார்.

பேசும்போது இன்னும் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். எரிபொருள் விலை கட்டணத்திலேயே சேர்த்தியா, தனியா? நிழல் கூரை உண்டா? கழிப்பறை உண்டா? காற்று பலமாக இருந்து கேப்டனே ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா? இதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்கிறவரை நம்பலாம்.

கேள்வி (சான் ஹோசே): ட்ரங்க் பே, மாஹோ பே, வாட்டர்லெமன் கே, கிறிஸ்துமஸ் கோவ், ஹனிமூன் பீச் என்று ஐந்து இடம் குறித்து வைத்திருக்கிறேன். ஒரே நாளில் முடியுமா?

முடியும். ஆனால் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இத்தனை வருடத்தில் நான் கற்றது இதுதான்: இரண்டு இடம், ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். எந்த இரண்டு என்பதைக் காலையில் காற்றைப் பார்த்துக் கேப்டன் முடிவு செய்யட்டும். அங்கே பெரும்பாலான நாள் காற்று கிழக்கிலிருந்து வரும். குளிர்காலத்தில் வடக்கு அட்லாண்டிக்கில் எங்கோ புயல் அடித்தால், அதன் நெடிய அலை வந்து வடக்குக் கரையில் மோதும். அன்று ட்ரங்க் பேயில் மணல் கலங்கி உள்ளங்கைகூடத் தெரியாது. ஆனால் அதே நாளில் தெற்குப் பக்கம் கண்ணாடி போல இருக்கலாம். பெரிய படகுக்குப் போகும் வழி முன்பே தீர்மானித்தது. சிறு படகு திரும்பிக்கொள்ளும். நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் அதற்குத்தான்.

ட்ரங்க் பே பற்றி ஒரு வார்த்தை. அங்கே நீருக்கடியில் சுமார் 200 மீட்டருக்கு ஒரு பாதை உண்டு. அடியில் பலகைகள் பதித்து, எந்தப் பவளம், எந்த மீன் என்று எழுதி வைத்திருப்பார்கள். ஆமைகளில் பெரியதான ஏழுவரி ஆமையை அங்கே ‘ட்ரங்க்’ என்பார்கள், அதிலிருந்து வந்த பெயர். அழகான கரை, படங்களில் வருவது போலவேதான். ஆனால் சுற்றுலாக் கப்பல் பயணிகள் வரும் நாளில் கூட்டம் நெரியும். காலை ஒன்பதுக்கு முன் போனால் உண்டு, இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி (அட்லாண்டா): ஏழு வயது மகள் ஆமை, ஆமை என்று உயிரை எடுக்கிறாள். நிச்சயமாகப் பார்க்க முடியுமா?

கடலில் நிச்சயம் என்று எதுவும் சொல்ல மாட்டேன் அம்மா. மாஹோ பேயில் வாய்ப்பு மிக அதிகம். அங்கே அடியில் பவளம் இல்லை, கடல் புல்தான். பேராமைகள் மாடு மேய்வது போல அதை மேய்ந்துகொண்டிருக்கும். மணலும் புல்லும்தானே என்று பலர் அங்கே இறங்குவதே இல்லை.

உங்கள் மகளுக்கு ஒன்று சொல்லிக் கொடுங்கள். ஆமையைத் தேடிக் காலை உதைத்துக்கொண்டு போகக் கூடாது. ஓரிடத்தில் மிதந்து கீழே பார்க்க வேண்டும். முதலில் பச்சைப் பாறை போலத்தான் தெரியும். பிறகு அந்தப் பாறை தலையைத் திருப்பி ஒரு வாய் புல்லைப் பிடுங்கும், மணல் புகை மாதிரி எழும். ஓட்டின் மேல் சில நேரம் ஒட்டுமீன் ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும். சில நிமிடத்துக்கு ஒரு தடவை மூச்சு வாங்க மேலே வரும், பக்கத்திலேயே. அப்போது பாதையை மறிக்காமல் நகர்ந்து கொடுக்க வேண்டும், இரண்டு மூன்று மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். தொடுவதும் துரத்துவதும் சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், துரத்தினால் அது மேய்ச்சலை விட்டுப் போய்விடும்.

அங்கே படகுகள் நங்கூரத்தை வீசாமல், தேசியப் பூங்காக்காரர்கள் போட்டு வைத்திருக்கும் மிதவையில் கயிற்றைக் கட்டுவதற்கும் காரணம் இந்தப் புல்தான். ஒரு நங்கூரம் இழுத்துக்கொண்டு போனால் அந்த வடு ஆறப் பல வருடம் ஆகும்.

கேள்வி (சிகாகோ): மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்துகொண்டே இருக்கிறது. மூன்று மாஸ்க் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

மீசை வைத்திருக்கிறீர்களா? நம் ஆட்களில் பாதிப் பேருக்கு அதுதான் காரணம். மூக்குக்குக் கீழே மயிர் இருந்தால் ரப்பர் விளிம்பு தோலில் ஒட்டாது. மீசையின் மேல் வரிசையை மெல்லியதாக மழித்துவிடலாம், மனசில்லையென்றால் வாசலின் தடவிக்கொள்ளலாம். பட்டையை இறுக்குவது தீர்வு இல்லை, இறுக்க இறுக்க விளிம்பு கோணும். வாங்கும்போது பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உறிஞ்சிப் பாருங்கள். கையை எடுத்த பிறகும் நின்றால் அது உங்கள் மாஸ்க்.

பனி படிந்தால் குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு உள்ளே தேய்த்து, கடல் நீரில் ஒரே ஒரு முறை அலசுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் பவர் உள்ள மாஸ்க் கிடைக்குமா என்று முன்பே கேளுங்கள். ஒன்றுமே தெளிவாகத் தெரியாமல் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

கேள்வி (ஒரு வாசகி): நீச்சலுடை போடத் தயக்கம். சுடிதாரோடு இறங்கலாமா?

சுடிதார் வேண்டாம் அம்மா, துணி காலைச் சுற்றிக்கொள்ளும். ரேஷ்கார்ட் என்று உடம்போடு ஒட்டிய முழுக்கை நீச்சல் சட்டை கிடைக்கும், அதையும் நீச்சலுக்கான லெகிங்ஸையும் போடுங்கள். யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள், வெயில் தெரிந்த உள்ளூர்க்காரர்களே அப்படித்தான் இறங்குவார்கள். குனிந்து மிதக்கும்போது முதுகும் முழங்காலின் பின்புறமும்தான் கருகும், அதற்கும் இதுவே காப்பு.

மீதி இடத்துக்குச் சன்ஸ்கிரீன் பூசும்போது டப்பாவின் பின்னால் படியுங்கள். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட், ஆக்டோக்ரிலீன், இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அமெரிக்க வெர்ஜின் தீவுகளில் தடை. 2020 மார்ச் 30 முதல் நடைமுறை. ஜிங்க் ஆக்சைடு மட்டும் உள்ளதாக வாங்குங்கள். முகம் விபூதி பூசியது போல வெள்ளையாகத்தான் இருக்கும், இருக்கட்டும். அந்தப் பவளத்துக்கு ஏற்கெனவே போதுமான கஷ்டம். 2019 தொடக்கத்தில் செயின்ட் தாமஸ் பக்கம் ஒரு பவள நோய் தெரிய வந்து, தீவு தீவாகப் பரவியது. மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்த ஒரு பவளம், நான் வருடக்கணக்காகப் பார்த்துப் பழகியது, சில வாரத்தில் வெள்ளையாகிப் பிறகு பாசி மூடிப் போனது. 2023 வெப்பத்தில் இன்னும் நிறைய வெளுத்தது. மிச்சம் இருப்பதன் மேல் காலில் மாட்டும் ஃபின் (துடுப்பு) கூடப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

கேள்வி (ஹூஸ்டன்): படகில் பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளுக்கும் போகலாமாமே? பாத்ஸ் பாறைகளைப் பார்க்க ஆசை. நாங்கள் எச்1பி விசாவில் இருக்கிறோம்.

இதை நிதானமாகப் படியுங்கள். செயின்ட் தாமஸும் செயின்ட் ஜானும் அமெரிக்க மண், 1917இல் டென்மார்க்கிடமிருந்து வாங்கியது. அதற்கு உங்களுக்குத் தனி விசா வேண்டாம். ஆனால் செயின்ட் தாமஸிலிருந்து திரும்ப விமானம் ஏறும்போது குடிவரவு, சுங்கச் சோதனை உண்டு. பாஸ்போர்ட்டும் விசா காகிதங்களும் கையில் இருக்க வேண்டும்.

பிரிட்டிஷ் தீவுகள் கண்ணுக்கெதிரே தெரிந்தாலும் வேறு நாடு. போனால் அங்கே நுழைவுப் பதிவு, திரும்பினால் அமெரிக்காவுக்குள் புது நுழைவு. பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகியிருந்தாலோ, க்ரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்தாலோ, வழக்கறிஞரைக் கேட்காமல் அந்த எல்லையைத் தாண்டாதீர்கள். நுழைவு விதிகளைக் கிளம்பும் முன் அதிகாரபூர்வமாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காகிதமெல்லாம் சரியாக இருந்தால், பாத்ஸ் பார்க்க வேண்டிய இடம்தான். வீடு உயரக் கருங்கல் பாறைகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்திருக்கும், நடுவில் வெயில் கீற்று விழும் குளம். சிவப்புக் கொடி ஏற்றியிருந்தால் கரைக்கு நீந்தக் கூடாது, ஐந்து நிமிடத் தூரம்தானே என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி (ஒரு வாசகர்): சுத்த சைவம். படகில் பட்டினியா?

முன்பே சொன்னால் இல்லை. செயின்ட் ஜானுக்குப் போகும் வழியில் கிறிஸ்துமஸ் கோவ் என்ற வளைவில் ஒரு படகையே பீட்சா அடுப்பாக்கி வைத்திருக்கிறார்கள், அங்கே சைவம் கிடைக்கும். கரையில் ரொட்டிக் கடை தேடுங்கள். டிரினிடாட், கயானா வழியாக வந்த நம் பக்கத்து ரொட்டிதான், உருளைக்கிழங்கு, கொண்டைக்கடலை வைத்து மடித்துத் தருவார்கள். காலையில் மட்டும் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள். குமட்டல் வருகிறவர்கள் மாத்திரையைப் படகு ஆடிய பிறகு போட்டுப் பயனில்லை, கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் வரை. கிறிஸ்துமஸ் சமயத்தில் காற்று பலம், விலையும் பலம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புயல் உச்சம். 2017 செப்டம்பரில் இர்மா, மரியா என்று இரண்டு வாரத்துக்குள் இரண்டு பெரும் புயல் வந்து போன தீவு அது.

கேள்வி: ஸ்நார்க்கலிங் முடித்து அன்றைக்கே விமானம் ஏறலாமா?

தாராளமாக. காத்திருக்கச் சொல்வது சிலிண்டர் கட்டி ஆழத்துக்குப் போகும் ஸ்கூபாவுக்கு.

கேள்வி (நியூ ஜெர்சி, மீண்டும்): அண்ணா, போய் வந்துவிட்டோம். முதல் இடத்தில் அம்மா கையை விடவே இல்லை. இரண்டாவது இடத்தில் அவராகவே இறங்கினார். கீழே முறுக்குக் கடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது என்கிறார், என்ன அது? அப்புறம் ஊதா நிற மீன் கூட்டத்துக்குப் பக்கத்தில் அதே வடிவத்தில் மஞ்சளாகச் சின்ன மீன்கள். அது என்ன ஜாதி என்று தினமும் என்னைக் கேட்கிறார்.

படித்ததும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது தம்பி. சத்தம் கிளிமீனுடையது. அலகு மாதிரிப் பல்லால் பாறையைக் கடித்துப் பாசியைத் தின்னும், தின்ற கல்லை மணலாக வெளியே விடும். நீங்கள் நின்ற வெள்ளை மணலில் ஒரு பங்கு அதன் வயிற்றிலிருந்து வந்தது. மஞ்சள் மீன் வேறு ஜாதி இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அந்த ஊதா மீன்களின் குஞ்சுதான் அது, வளர வளர நிறம் மாறும்.