2-உம் 3-உம் சேர்ந்து 261 ஆவது எப்படி?

கேள்வி: 8051 மைக்ரோகன்ட்ரோலரில் இரண்டு பைட் நீள எண்களை ஒவ்வொரு பைட்டாகக் கூட்ட அசெம்பிளியில் லூப் எழுதினேன். முகவரி முடிவை எட்டிவிட்டதா என்று சிஜேஎன்இ (CJNE, இரு மதிப்புகளை ஒப்பிட்டு, சமமில்லை என்றால் தாவும் கட்டளை) கொண்டு பார்க்கிறேன். 500-உம் 300-உம் கூட்டினால் 800 வருகிறது. 2-உம் 3-உம் கூட்டினால் 261! எங்கே பிழை?

பதில்: கூட்டலில் இல்லை, சிஜேஎன்இ-யில் இருக்கிறது.

8051 ஒரு முறைக்கு 8 பிட்தான் கூட்டும். 500-ன் கீழ் பைட் 244, 300-ன் கீழ் பைட் 44, கூட்டினால் 288. பைட்டில் 32 தங்கும், மிச்சம் 1 கேரி பிட்டில் ஏறும். மேல் பைட்டுகளை ஏடிடிசி (ADDC, கேரியையும் சேர்த்துக் கூட்டும் கட்டளை) கூட்டும்போது 1+1+1=3. ஆக 3×256+32=800.

அந்தக் கேரி அடுத்த கூட்டல் வரை கெடாமல் இருக்க வேண்டும். சிஜேஎன்இ அதைக் கெடுக்கிறது: முதல் மதிப்பு சிறியதென்றால் கேரியை 1 ஆக்கிவிடும். உங்கள் முகவரி முடிவு முகவரியைவிடச் சிறியது, அதனால் லூப் திரும்பும்போதெல்லாம் கேரி 1. 800 சரியாக வந்தது தற்செயல். அங்கே கேரி எப்படியும் 1தான். 2+3-ல் அது வேண்டாத 256 ஆகிறது.

ஆர்2 பதிவேட்டில் பைட் எண்ணிக்கையை வைத்து டிஜேஎன்இசட் (DJNZ, ஒன்றைக் குறைத்து, 0 ஆகவில்லை என்றால் தாவும் கட்டளை) போடுங்கள். அதுவும், முகவரியை ஒன்று கூட்டும் ஐஎன்சி-யும் (INC) கேரியைத் தொடுவதில்லை. லூப்புக்கு முன்னால், உள்ளே அல்ல, கேரியை 0 ஆக்கும் சிஎல்ஆர் சி (CLR C) ஒருமுறை அவசியம். கழித்தலுக்கும் அப்படியே, 8051-ல் கடன் பார்க்காத கழித்தலே கிடையாது, கேரியைக் கடனாகச் சேர்த்துக் கழிக்கும் எஸ்யுபிபி (SUBB) மட்டும்தான்.

பெருக்கலுக்குப் போகும்போது கவனம்: பெருக்கல் கட்டளையான எம்யுஎல் ஏபி-யும் (MUL AB) கேரியை 0 ஆக்கிவிடும்.