சிறுவயதில் உடம்பு நன்றாக இருந்தால் வயதான பிறகும் தாங்குமா?

பெருமளவுக்குத் தாங்கும். ஆனால் பையனுக்கு ஒன்பது வயது, ஒல்லி, "இப்பவே உடம்பைத் தேத்திடணும்" என்று மாமியார் பால் பவுடர் டப்பாக்களை வாங்கி அடுக்குகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எடை ஏற்றுவதுதான் தேற்றுவது என்றால், அதை நான் செய்யமாட்டேன்.

நான் குடியாத்தத்துக்காரன். எங்களுக்குப் பக்கத்துக் கே.வி.குப்பம் வட்டாரத்துக் கிராமங்களிலும் வேலூர் நகரத்திலும் 1969 முதல் 1973 வரை பிறந்த குழந்தைகளைச் சி.எம்.சி. (வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி) மருத்துவர்கள் பிறப்பிலிருந்தே அளந்து குறித்துவைத்தார்கள். பிறகு அவர்களில் 2000 பேருக்கு மேல் தேடிப்பிடித்து, 26 முதல் 32 வயதுக்குள், குளுக்கோஸ் குடிக்கவைத்து ரத்தம் பார்த்தார்கள். சர்க்கரை ஏறியிருந்தது அதிகமாக யாருக்கு? குழந்தைப் பருவத்தில் மெலிந்திருந்து, பின்னாளில் சடசடவென்று சதை போட்டவர்களுக்கு. டெல்லியில் நடந்த இதே மாதிரி ஆய்வு 2004-இல் வெளிவந்தது. அதிலும் இதே கதைதான். இத்தனைக்கும் அங்கே சர்க்கரை வந்தவர்களில் ஒருவர்கூட 12 வயதில் குண்டு இல்லை.

காரணம் ரொம்பச் சிக்கலானதல்ல. உடம்பின் உறுப்புகளுக்கு அடித்தளம் சீக்கிரமே விழுந்துவிடுகிறது. உதாரணத்துக்கு, நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டிகள் அத்தனையும் தாய் வயிற்றிலேயே உருவாகி முடிந்துவிடும், பிறந்தபின் புதிதாக ஒன்றும் வராது. தசைக்கும் கருவிலும் முதல் இரண்டு வருடத்திலும்தான் அடித்தளம் விழுகிறது. அந்தக் காலத்தில் வாடிப்போன பிள்ளைக்குப் பிறகு நிறையக் கொடுத்தால், தசையைவிடக் கொழுப்பாகத்தான் அதிகம் சேரும், அதுவும் தொப்பையில். சாப்பாட்டில் வரும் சர்க்கரையை வாங்கிக்கொள்ளத் தசை போதாது. ஆக, தேற்றவேண்டிய நேரம் கர்ப்பிணியின் தட்டில் தொடங்கி இரண்டு வயது வரைக்கும். ஒன்பது வயதில் ஓடியாடுகிற ஒல்லிப் பையனை விட்டுவிடலாம். பிறந்த எடை என்ன, வருடா வருடம் உயரம் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். உயரம் நின்றுபோயிருந்தாலோ, வெளிறிச் சோர்ந்து கிடந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டி ரத்தசோகை பாருங்கள். பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

சர்க்கரையை விட்டுத் தள்ளினாலும் நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. என் சின்னம்மாவுக்குப் பள்ளிக்கூட வயதில் முட்டியும் கணுக்காலும் மாறி மாறி வீங்கிக் காய்ச்சல் வந்ததாம். வாயு என்று எண்ணெய் தேய்த்துவிட்டார்கள், தானாகச் சரியாயிற்று. நாற்பது தாண்டியதும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பார்த்தால் இதய வால்வு சுருங்கியிருந்தது. சில வகைத் தொண்டைப்புண்ணை மருந்தில்லாமல் விட்டால், இரண்டு மூன்று வாரம் கழித்து ருமாட்டிக் காய்ச்சலாக வந்து மூட்டைத் தொட்டுவிட்டு வால்வில் உட்கார்ந்துவிடும். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வரும். அப்போதே கண்டுபிடித்திருந்தால் 21 நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி என்று வருடக்கணக்கில் போட்டு வால்வைக் காப்பாற்றியிருக்கலாம். உங்கள் பையனுக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் சீழ் வடிந்தாலும் அப்படித்தான். "வளர வளரச் சரியாகிடும்" என்று விட்ட காதுதான் அறுபதில் கேட்காமல் போகிறது.

எலும்பு விஷயத்தில் நம் பக்கத்துச் சாப்பாடே உதவுகிறது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. எலும்பு கெட்டிப்படுவது முப்பது வயதுக்குள் முடிந்துவிடும், பிறகு செலவுதான். பெண்பிள்ளைகளுக்கு இதை இன்னும் கவனிக்கவேண்டும், மாதவிடாய் நின்றபின் அந்தச் செலவு வேகமெடுக்கும். ஆடி மாதம் கோவில் கூழுக்கு வரிசையில் நிற்கும் நாம், மற்ற பதினொரு மாதமும் பிள்ளைக்குப் பிஸ்கட்டைக் கொடுக்கிறோம். (களி பிடிக்கவில்லை என்றால் அடை, தோசை என்று மாற்றிப் பாருங்கள். என் பையன் தோசையாக ஊற்றினால்தான் தொடுவான்.)

மாமியாரிடம் சண்டை வேண்டாம். அந்த டப்பாவின் பின்பக்கத்தில் சர்க்கரை எவ்வளவு என்று போட்டிருக்கும், அதை மட்டும் படித்துக் காட்டுங்கள். அந்தக் காசுக்கு முட்டையும் வேர்க்கடலையும் வாங்கிப் போடலாம் என்றால் அவரே ஒத்துக்கொள்வார்.