கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு பூட்டிக்கொள்ளவில்லை என்றால், அது பிஸ்டலின் வடிவமைப்புக் குறையா?

கேள்வியில் இரண்டு கோளாறுகளைச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் 9 மி.மீ. பிஸ்டலில் கடைசித் தோட்டா சுட்ட பிறகு சில நேரம் ஸ்லைடு (ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னால் போய்த் திரும்பும் மேல்பாகம்) பின்னால் நிற்காமல் மூடிவிடுகிறது. வேறு சில நேரம் மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியில்) இரண்டு தோட்டா மிச்சம் இருக்கும்போதே பூட்டிக்கொள்கிறது. நேர் எதிரான இரண்டும் ஒரே துப்பாக்கியில் வருவதால் வடிவமைப்பே தவறு என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் இரண்டிலும் சம்பந்தப்பட்டது ஒரே பாகம், ஸ்லைடைப் பின்னால் பிடித்து நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப். பெரும்பாலும் காரணம் வடிவமைப்பில் இருக்காது. மேகசின், ஸ்பிரிங், தோட்டா, பிடி இந்த நான்கில் ஒன்றில் இருக்கும்.

அது வேலை செய்யும் விதம் இது. மேகசின் காலியானதும் ஃபாலோயர் என்ற தட்டு மேலே வந்து, ஸ்லைடு ஸ்டாப்பின் உள்பக்க நாக்கை மேல்நோக்கித் தள்ளுகிறது. ஸ்லைடு ஸ்டாப்பைக் கீழே இழுத்து வைக்க ஒரு சிறிய ஸ்பிரிங் இருக்கும். மேகசின் ஸ்பிரிங் அதை வெல்ல வேண்டும். அதே சமயம் ஸ்லைடும் தன் பள்ளம் அந்த நாக்கைத் தாண்டும் அளவுக்குப் பின்னால் போயிருக்க வேண்டும். இந்த மூன்றில் எது பிசகினாலும் பூட்டு விழாது.

சோதனைக்கு முன் மேகசினைக் கழற்றுங்கள், ஸ்லைடை இழுத்து, பேரலில் தோட்டா உட்காரும் இடமான சேம்பரைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். உண்மையான தோட்டா எதுவும் நீங்கள் உட்கார்ந்து சோதிக்கும் அறையிலேயே இருக்கக் கூடாது. மேசையில் செய்யும் எல்லாவற்றுக்கும் வெடிமருந்து இல்லாத டம்மி தோட்டா மட்டும்தான்.

முதல் சோதனை, காலி மேகசினைப் போட்டு ஸ்லைடை முழுதாகக் கையால் இழுப்பது. ஒவ்வொரு மேகசினிலும் பத்து முறை செய்யுங்கள். கையால் இழுக்கும்போதே பூட்டவில்லை என்றால் மேகசின் ஸ்பிரிங், ஃபாலோயர், ஸ்லைடு ஸ்டாப் இவற்றில்தான் கோளாறு. கையால் இழுத்தால் தவறாமல் பூட்டுகிறது, சுடும்போது மட்டும் தவறுகிறது என்றால், ஸ்லைடு போதிய தூரம் பின்னால் போகவில்லை. அல்லது சுடுபவரின் கட்டைவிரல் ஸ்லைடு ஸ்டாப்பின் வெளிப்பக்க லிவரின் மேல் படிந்திருக்கிறது. ஸ்லைடை முன்னால் திருப்பித் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் தேய்ந்திருந்தாலும் இப்படி ஆகும். ஸ்லைடு அதிவேகமாகப் போய்த் திரும்பினால், ஃபாலோயர் நாக்கைத் தூக்க நேரம் கிடைக்காது. இந்த ஒரு சோதனையே பாதி வேலையை முடித்துவிடும். இதைச் செய்யாமல் பாகம் வாங்குவது வீண்செலவு.

அடுத்து, மேகசின்களுக்கு 1, 2, 3 என்று பெயிண்டால் எண் போடுங்கள். சுடுதளத்தில் மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள், ஒவ்வொன்றிலும் பத்து முறை. ஒவ்வொரு முறையும் ஸ்லைடு பூட்ட வேண்டும். எண், தோட்டாவின் வகை, சுட்டவர், நடந்தது ஆகியவற்றை எழுதி வையுங்கள். கோளாறு 2ஆம் எண் மேகசினோடு மட்டும் வந்தால் துப்பாக்கியைத் தொடவே வேண்டாம். ஸ்பிரிங்கை மாற்றுங்கள், மேகசினின் மேல்வாய் உதடுகள் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். சுத்தம் செய்யும்போது ஸ்பிரிங்கைத் திருப்பிப் போட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடப்பது. அப்படிப் போட்டால் ஃபாலோயர் முன்பக்கம் சரிந்து தோட்டாவின் மூக்கு கீழே குத்தும். கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேகசினுக்குள் எண்ணெய் விடாதீர்கள். கரியும் தூசியும் ஒட்டிக்கொண்டு ஃபாலோயரை மெதுவாக்கும்.

எல்லா மேகசினிலும் வந்தால் இன்னொருவரைச் சுடச் சொல்லுங்கள். உயரமான பிடியில் ஒரு கையின் கட்டைவிரல் லிவரை அழுத்தும், அதனால் பூட்டு விழாது. அதே பிடியில் மறுகைக் கட்டைவிரல் பின்னுதைப்பின்போது லிவரைக் கீழிருந்து மேலே தட்டும், அதனால் முன்கூட்டியே பூட்டும். நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறிகளும் ஒரே பிஸ்டலில் வருவதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

பிடி சரியாக இருந்தும் முன்கூட்டியே பூட்டினால், குண்டின் மூக்கு நாக்கில் உரசுகிறதா என்று பாருங்கள். நாக்கின் உள்முகத்தில் மார்க்கர் மை தடவி, டம்மி தோட்டாக்கள் நிறைந்த மேகசினைப் போட்டு ஸ்லைடை ஓட்டுங்கள். நீங்கள் சுடும் அதே வடிவக் குண்டு உள்ள டம்மியாக இருக்க வேண்டும். மை அழிந்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அகன்ற மூக்குக் குண்டுகளில் இது அதிகம். தோட்டாவின் மொத்த நீளத்தையும் அளந்து பாருங்கள், 9 மி.மீ. லூகருக்கு உச்ச அளவு 29.69 மி.மீ. முதலில் வேறு வடிவக் குண்டு, பிறகு புதிய ஸ்லைடு ஸ்டாப், அதற்குப் பிறகுதான் நாக்கைச் சற்றுத் தேய்ப்பது. அதுவும் ஆர்மரர், அதாவது பயிற்சி பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர், கையால். 1911 வகைப் பிஸ்டல்களில் ஸ்லைடு ஸ்டாப்பை அழுத்தும் சிறு குச்சி உட்கார, ஸ்லைடு ஸ்டாப்பின் பின்முகத்தில் ஒரு சிறு குழி போடுவது பழகிய திருத்தம்.

ரீகாயில் ஸ்பிரிங்கைப் புதியதோடு பக்கத்தில் வைத்து நீளம் ஒப்பிடுங்கள். பல பிஸ்டல்களில் 3,000 முதல் 5,000 தோட்டாக்களுக்குள் அதை மாற்றுவது வழக்கம், ஆனால் உங்கள் கையேட்டின் எண்தான் கணக்கு. கடினமான ஸ்பிரிங் போட்டு மென்மையான தோட்டா சுடுவதும் ஸ்லைடைப் பாதியில் நிறுத்தும்.

தோட்டா சேம்பருக்குள் ஏறாமல் சிக்குவதைக் கண்டு பேரலின் பின்பக்க வாய்ச்சரிவை (தோட்டா ஏறி வரும் சரிவை) அரத்தால் ராவ வேண்டாம். அங்கே உலோகம் குறைந்தால் தோட்டா உறையின் அடிப்பகுதிக்குத் தாங்கல் இல்லாமல் போகும். 9 மி.மீ. தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. உறை பிளந்தால் அந்த வாயு மேகசின் வழியாக உங்கள் கையை நோக்கி வரும்.

இவ்வளவுக்குப் பிறகும், புதிய பிஸ்டலில், தொழிற்சாலைப் பாகங்களோடு, பல மேகசின், பல தோட்டா, பல கைகளில் கோளாறு தொடர்ந்தால் துப்பாக்கியையே சந்தேகிக்கலாம். அப்போதும் உங்கள் ஒன்றில் மட்டும் வந்தால் அது தயாரிப்புக் குறை. அதே மாடலின் மற்ற பிஸ்டல்களிலும் வந்தால்தான் வடிவமைப்புக் குறை.

உண்மையான வடிவமைப்புக் குறைக்கு வேறு முகம் உண்டு. ஜப்பானின் டைப் 94 பிஸ்டலில் விசையையும் சுத்தியலையும் இணைக்கும் தண்டு இடப்பக்கம் வெளியே தெரியும். பாதுகாப்புப் பூட்டு போடாதபோது அதன் முன்முனையை அழுத்தினால், விசையைத் தொடாமலே வெடிக்கும். 1980களில் அமெரிக்கப் படையின் பெரெட்டா பிஸ்டல்கள் சிலவற்றில் ஸ்லைடு உடைந்து பின்பாதி சுடுபவர் முகத்தில் வந்து விழுந்தது. பிறகு வந்த 92எஃப்எஸ் என்ற திருத்திய வடிவத்தில் சுத்தியல் ஆணியின் தலையைப் பெரிதாக்கி, உடைந்த ஸ்லைடு பின்னால் கழன்று வராமல் தடுத்தார்கள். சிக் சாவர் பி320 ஒரு குறிப்பிட்ட சாய்வில், ஸ்லைடின் பின்பக்கம் தரையில் படும்படி விழுந்தபோது, விசையின் சொந்த எடையே அதைப் பின்னால் இழுத்துச் சுட்டுவிடும் என்று 2017இல் தெரிந்தது. இலேசான விசை, மாற்றிய ஸ்ட்ரைக்கர் (தோட்டாவைத் தட்டும் ஊசி), அதைப் பிடித்து வைக்கும் சியர், விசையின் இணைப்பைத் துண்டிக்கும் கூடுதல் டிஸ்கனெக்டர் என்று நிறுவனமே மாற்றிக் கொடுத்தது. மூன்றுமே மேகசின் மாற்றினாலோ பிடியைத் திருத்தினாலோ போகாதவை.

அந்த வகை அறிகுறி, அதாவது விசையைத் தொடாமல் வெடிப்பது, ஒரு அழுத்தலில் இரண்டு வெடிப்பது, ஸ்லைடில் விரிசல், இவற்றில் ஒன்று வந்தாலும் மேற்கொண்டு சோதிக்காதீர்கள். கீழே போட்டுப் பார்க்கவே பார்க்காதீர்கள். தோட்டாக்களை எடுத்துவிட்டுப் பூட்டி வையுங்கள். வரிசை எண், சுட்ட தோட்டாக்களின் எண்ணிக்கை, தோட்டாப் பெட்டியின் லாட் எண், நீங்கள் எழுதி வைத்த தாள் ஆகியவற்றோடு தயாரிப்பாளரிடமோ அவர்கள் அங்கீகரித்த ஆர்மரரிடமோ கொடுங்கள். ஸ்லைடு பூட்டாத உங்கள் கோளாறுக்கு அந்த அவசரம் இல்லை. காலி மேகசின் சோதனையை இன்றே செய்து, எந்தெந்த எண்ணில் தவறியது என்று கீழே எழுதினால் அடுத்து எந்தப் பாகத்தைப் பார்ப்பது என்று சொல்கிறேன்.