ராத்திரி 2 மணிக்கு ஆச்சிக்குப் போன் போடாதே

தங்கச்சி, அக்கான்னு கூப்பிட்டுட்ட, அதனால நீன்னே பேசுறேன். தம்பி கல்யாணத்துக்கு மதுரைக்குப் போயி 5 வாரம் இருந்துட்டு கனடாவுல எட்மண்டனுக்குத் திரும்பி 4 நாளாச்சு, 5 வயசுப் பையனும் 2 வயசுப் பொண்ணும் நடுராத்திரி எழுந்து விளையாடுதுக, சாயங்காலம் 4 மணிக்கு சோத்துத் தட்டு முன்னாலேயே தூக்கத்துல சாமியாடுதுக, அடுத்த வாரம் பையனுக்கு கிண்டர்கார்ட்டன் தொடங்குதுன்னு எழுதியிருக்க. கூடவே டே கேர், குளிர் ஜாக்கெட், வீட்டுல தமிழ் பேசணுமான்னு வேற கேட்டிருக்க. அதெல்லாம் ஆறுமாசம் போனா தானாத் தெரிஞ்சுக்குவ. தூக்கத்தைப் பேசுவோம்.

முதல்ல கணக்கைப் பாரு. கோடையில இங்கேயும் ஊருக்கும் பதினொன்றரை மணி நேரம் வித்தியாசம். உன் பிள்ளைக கொஞ்சம் பிந்தித் தூங்கல, பகலே ராத்திரியாத் திரும்பிக் கெடக்கு. உடம்புக்குள்ள இருக்குற கடிகாரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனா ஒன்றரை மணி நேரம்தான் நகரும். அப்போ ஒரு வாரம், பத்து நாள் ஆகத்தான் செய்யும். "எங்க பிள்ளை ஏர்போர்ட்லருந்து வந்த அன்னைக்கே 8 மணிக்குத் தூங்கிட்டான்"னு சொல்ற ஆளுக ஒவ்வொரு பொங்கல் விழாவுலயும் நாலு பேர் இருப்பாங்க. கேட்டுக்கோ, நம்பாதே.

நான் இங்க வந்தது 2006-ல. 2008-ல மூணு வயசு மகளைக் கூட்டிக்கிட்டு கோவில்பட்டிக்குப் போயிட்டு ஆகஸ்ட் கடைசியில திரும்புனோம். அப்போ இதே ஊர்ல மில் வுட்ஸ் ஏரியாவுல ரெண்டாவது மாடி, மரத்தால கட்டுன பழைய கட்டடம். மேல ஒரு டம்ளர் உருண்டா கீழ கேக்கும். இவ ராத்திரி 2 மணிக்கு ஹாலுக்கும் அடுப்படிக்கும் தடதடன்னு ஓட்டம். கீழ் வீட்டுக்காரர் வாரியல் கட்டையால சீலிங்குல மூணு தட்டு தட்டுவாரு. இவளுக்கு அது விளையாட்டு. இவளும் மூணு தடவை குதிச்சுப் பதில் சொல்லுவா. அவரு மறுபடி தட்ட, இவ மறுபடி குதிக்க, நான் போர்வைக்குள்ள கெடந்து அழுவேன்.

அவளை ஒரு இடத்துல உக்கார வைக்கணும்னு அப்பதான் அந்தத் தப்பைப் பண்ணுனேன். ஊருக்குப் பேச அப்போ வாங்குற காலிங் கார்டைச் சுரண்டி, அத்தனை நம்பரையும் அமுக்கி, எங்கம்மாவைக் கூப்பிட்டுக் கையில குடுத்தேன். அங்க மத்தியானம் ஒன்றரை. அம்மா சாப்பிட்டு முடிச்சுத் திண்ணையில வெத்தலையோட உக்காந்திருப்பாங்க. ஒரு மணி நேரம் ஆட்டுக்குட்டிக் கதை ஓடுச்சு, வீடு அமைதி. மறுநாள் சரியா 2 மணிக்கு, போனைக் கையில வச்சுக்கிட்டு என் கட்டில் பக்கத்துல நின்னா. பத்து நாள்ல சரியாகியிருக்க வேண்டியது, மூணு வாரத்துக்கு மேல இழுத்துச்சு. உடம்பு திரும்பின பிறகும் ஆச்சிக்காக எழுந்துக்கிட்டே இருந்தா, அவ்வளவுதான்.

எனக்குக் குரல் மட்டும். உனக்கு வீடியோ கால், அது இன்னும் மோசம். ராத்திரியில கண்ணுல வெளிச்சம் பட்டா தூக்கத்துக்கான மெலடோனின் சுரக்குறது அடங்கிரும். பத்தாக்குறைக்கு அந்தத் திரைக்குள்ள மதுரை வெயில் வேற கொளுத்தும். அது பகலா ராத்திரியான்னு பிள்ளை எதை நம்பும்?

நடுராத்திரி எழுந்தா சின்ன விளக்கு மட்டும் போடு. மெதுவாப் பேசு. வயிறும் இன்னும் மதுரையிலதான் இருக்கு, பசி நெசமானது, அதனால ரெண்டு வாய் தயிர்சாதம் குடுத்துப் படுக்க வை. டிவி கிடையாது, பொம்மைப் பெட்டி கிடையாது. காலையில எப்பத் தூங்கியிருந்தாலும் 7 மணிக்கு எழுப்பு, பாவம்னு விட்டுறாதே, எழுப்பி வெளிய கூட்டிட்டுப் போ. காலை வெளிச்சம் மாதிரி மருந்து வேற இல்ல. சின்னவளுக்கு மத்தியானம் ஒன்றரை மணி நேரம் போதும், 3 மணிக்கு மேல கண்ணை மூட விடாதே. அந்த 4 மணிச் சடவு வர்றப்ப பார்க்குல கொண்டு போய் விடு. உன்னையும் சேத்துத்தான் சொல்றேன். பிள்ளைகளோட நீயும் சாய்ஞ்சா இருட்டினப்புறந்தான் எழுந்திருப்ப.

சன்னலையும் பாத்துக்கோ. செப்டம்பர் பிறந்தாலும் இங்க 8 மணிக்கு வெளிச்சம் இருக்கும். ஜூன்ல பத்து மணிக்கு மேலதான் சூரியனே மறையும். திரை வாங்கக் காசில்லாத காலத்துல நான் சப்பாத்தி சுத்துற அலுமினியத் தாளைக் கண்ணாடி முழுக்க ஒட்டுனேன். ரெண்டு நாள்ல கட்டட மேனேஜர் வந்து கதவைத் தட்டி, "உள்ள செடி ஏதும் வளக்குறீங்களா?"ன்னாரு. நான் வெள்ளந்தியா, "ஆமா, கருவேப்பிலை"ன்னு தொட்டியைத் தூக்கிக் காட்டுனேன். கஞ்சா இங்க சட்டப்படி ஆனது 2018-லதான், அதுக்கு முன்னாடி சன்னல்ல தாள் ஒட்டுனா அதுதான் அர்த்தமாம். எங்க வீட்டுக்காரர் இப்பவும் சொல்லிச் சிரிப்பாரு. ஆனா அந்த அறையில பிள்ளை தூங்குச்சு.

மருந்து விஷயத்துல மட்டும் கண்டிப்பாச் சொல்றேன். அலர்ஜி சிரப் ஒரு மூடி குடுத்தா பிளேன்ல தூங்கிரும்னு நம்மாளுக தைரியமாச் சொல்லுவாங்க. மகன் பிறந்த பிறகு போன பயணத்துல நானும் கேட்டுத் தொலைச்சேன். சில பிள்ளைகளுக்கு அந்த மருந்து நேர்மாறா வேலை செய்யும். அட்லாண்டிக் கடல் முழுக்க அவன் நடைபாதையில ஓடுனான், பின்னாலயே நான். இருமல், சளி மருந்துகளை 6 வயசுக்குள்ள குடுக்க வேணாம்னு இங்கத்திய சுகாதாரத் துறை, ஹெல்த் கனடா, 2009 வாக்குலேயே சொல்லிருச்சு. மெலடோனினும் கடையில மிட்டாய் மாதிரி விக்கிறான், டாக்டரைக் கேக்காம வாங்காதே.

இன்னொரு கூட்டம் இருக்கு, கனடாக்காரங்களை விடக் கனடாவா இருக்கிறவங்க. தனி அறையில போட்டுக் கதவைச் சாத்து, அழுது ஓயட்டும்பாங்க. 5 வாரம் ஆச்சிக்கும் தாத்தாவுக்கும் நடுவுல, ஃபேன் காத்துல, பாயில கெடந்த பிள்ளை. ஒரே நாள்ல சத்தமில்லாத அறையில தனியாப் போட்டா அழாம என்ன செய்யும்? ஒரு வாரம் உன் கட்டில் பக்கத்துல மெத்தை விரிச்சுப் போடு, அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா நகத்து. அதுக்காக என்னை மாதிரி ஏழு வயசு வரைக்கும் நடுவுல போட்டுக்காதே, எங்க வீட்டுக்காரருக்கு இடுப்பு போனதுதான் மிச்சம்.

ஆச்சிகிட்ட பேசணும்னா சாயங்காலம் ஆறரைக்குப் போடு. அங்க காலை 6 மணி. ஆச்சி வாசத் தெளிச்சுக் கோலம் போடுறதைப் பிள்ளை பாக்கட்டும், "ஆச்சிக்கு விடிஞ்சிருச்சு, நமக்குத் தூங்குற நேரம்"னு சொல்லு, 5 வயசுக்கு நல்லாவே புரியும். எங்கம்மாவுக்குத்தான் கடைசி வரைக்கும் புரியவே இல்ல. எந்நேரம் கூப்பிட்டாலும், "இன்னுமா அங்க விடியல?"ம்பாங்க.

தமிழ் பேசு, அதுல என்ன கேள்வி. ஜாக்கெட்டுக்குப் புதுசா காசைக் கொட்டாதே, என் தங்கச்சி மகனோட ஸ்னோ பூட்ஸ் எங்க கராஜ்ல கெடக்கு. பையன் கால் அளவைச் சொல்லு.